பெயரைப் பெரிசாக்கு

பலகை வேலைக்கு வருகிறவர்களுக்கு
முதலில் அளவுகோலைக் காட்டுவேன்.
மொன்றியலில் பிரெஞ்சு இரண்டு பங்கு நிற்க வேண்டும்,
மிச்சத்தில்தான் மற்ற மொழிகள்.
சற்குணராசா அண்ணர் முழுவதையும் கேட்டுவிட்டு
"அப்ப தமிழுக்கு?" என்றார்.
கொத்துரொட்டிக் கல்லின் எண்ணெய் ஏறிய விரலால்
என் திரையைத் தொட்டு
"இதை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கு பிள்ளை."

பதினொரு தடவை பெரிசாக்கினேன்.
பதினொரு தடவையும் சட்டம் சுருக்கியது.
கோப்பின் பெயர் வல்லிபுரம்_கடைசி,
பிறகு கடைசி_2, கடைசி_உண்மையாக,
கடைசி_அண்ணர்_சத்தியம்.

கடை என்று சொன்னால் சனம் சிரிக்கும்.
ஜான் தலோன் தெருவில் பல் வைத்தியருக்கு மேலே ஓர் அறை.
துளைக்கிற சத்தம் பத்து மணிக்குத் தொடங்கும்,
அதற்குள் தொலைபேசி வேலைகளை முடித்துவிடுவேன்.
தட்டில் அடுக்கிவைக்கச் சாமான் இல்லை.
எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விடுகிற வெளியை விற்கிறேன்,
அதைத் தராசில் போட ஏலாது.
"கொம்பியூட்டர்தானே செய்யுது, இதுக்கா
முந்நூற்று நாற்பது?"
தடித்த எழுத்தில் ணகரத்தின் சுழிகள் அடைத்துப்போகும்,
அவற்றைத் திறந்துவிட எனக்கு ஒரு மாலை வேண்டும்.
திறந்திருந்தால் ஒருவரும் கவனிப்பதில்லை.
அடைத்திருந்தால்
என்னவோ பிழை என்று மட்டும் சொல்வார்கள்.

நகர நடுவில் ஒரு நிறுவனம் கூப்பிட்டது,
பல் காப்புறுதியும் உண்டு என்றார்கள்.
விதுரன் ஒன்றும் சொல்லவில்லை,
வெப்பமூட்டிக் கட்டணத்தை மேசையில் வைத்தார்,
எண் தெரிகிற பக்கமாய்.
நான் அதைத் திருப்பிப்போட்டு
பின்பக்கத்தில் ஒரு வாழ்த்தட்டைக்குக் கோடு கீறினேன்.

அண்ணர் தந்தது பாதிக் காசு.
மீதிக்கு மூன்று நினைவூட்டல் அனுப்பினேன்,
மூன்றாவதில் 'அன்புடன்' என்பதை எடுத்துவிட்டு.
பதிலுக்கு வந்தது ஒரு பொதி கொத்து,
மூடியில் பேனையால்: வாற கிழமை.

பெப்ரவரி. இரவு பதினொன்றேகால்.
அவருடைய மகன் துஷ்யந்தன்.
கடையின் பின்படியில் பனி தள்ளிக்கொண்டு நின்றவராம்.
அறிவித்தல் விடிய முதல் வேண்டுமாம்.
அனுப்பிய விபரம் பழைய பாமினியில்.
என் கணினி திறந்தபோது தமிழ் முழுவதும்
ஆங்கிலக் கிறுக்கல்,
மெய்களின் புள்ளிகள் ஒவ்வொன்றும்
அரைப்புள்ளியாகக் கிடந்தன.
மனைவி பெயர், மக்கள் பெயர், மருமக்கள், கொழும்பிலிருக்கும் தம்பி
ஒவ்வொருவராய்த் தட்டி எழுப்பினேன்.

படத்தில் அவர் கடை வாசலில் நிற்கிறார்,
தலைக்கு மேல் என் பலகை.
முகத்துக்காக அதை வெட்ட வேண்டும்.
வெட்டும்போது பார்த்தேன்,
'பு'வுக்கும் 'ர'வுக்கும் நடுவே இடைவெளி
ஒரு மயிரிழை கூட.
மூன்று வருடமாய் அந்தத் தெருவால் போகிறேன்.

மரண அறிவித்தலுக்கு இரண்டு பங்கு, ஒரு பங்கு இல்லை.
பெயரை எடுத்தேன்.
எழுபத்திரண்டு. தொண்ணூற்றாறு. நூற்றிருபது.
ஆறு எழுத்தும் விளிம்பைத் தொடுமட்டும் இழுத்து
ணகரத்தின் சுழிகளைத் திறந்துவிட்டேன்.

"அக்கா, பேர் கொஞ்சம் கூடப் பெரிசோ?"
"இல்லை."

சேமிக்கப்போனால் கோப்புக்குப் பெயர் கேட்டது.
கடைசி என்று தட்டினேன்.
அழித்தேன்.
திகதியை மட்டும் போட்டேன்.
காலையில் கிஸ்லேனின் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு
பல் வைத்தியரின் முதல் துளையோடு தூங்கிப்போனேன்,
விசைப்பலகைக்குப் பக்கத்தில்.

நூற்று எழுபது இன்னும் நிலுவைப் பட்டியலில் நிற்கிறது.
வருடக் கடைசியில் கணக்காளர் பெனுவா
பென்சில் நுனியால் அந்த வரியைத் தட்டி
இதற்கு எதிரே என்ன எழுதுவது என்று கேட்பார்.
வாற கிழமை, என்பேன்.